நிகர எடை

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டாக்டர் ஆறு கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார். சர்க்கரை எல்லையில் வந்து நிற்கிறதாம். உடம்பில் குறைப்பது மெல்லத்தான் நடக்கும், அதில் அவசரப்பட்டுப் பிரயோசனமில்லை. ஆகவே பையிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

கோட்டை சைக்கிள் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. திண்டுக்கல்லிலிருந்து விடிந்தும் விடியாமலும் கிளம்பி, சிறுமலை அடிவாரம் வரை சைக்கிள். அங்கே ஒரு டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு, சுமைக்காரர்கள் போகும் பழைய ஒற்றையடிப் பாதையில் மலை ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கி, மறுபடி சைக்கிளில் வீடு. தூக்குகிற சுமையைக் குறைத்தால்தான் மிதிப்பதும் நடப்பதும் ஒரே நாளில் முடியும் என்கிறார் குழுவை நடத்துகிற பல் டாக்டர் இளங்கோவன். மற்றவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியிருக்கவில்லை. நான் இருபத்தெட்டு வருஷமாக வங்கியில் நகை மதிப்பீட்டாளர். அடகுக்கு வருகிற நகையில் கல், அரக்கு, கயிறு, அழுக்கு எல்லாம் கழித்து, நிகர எடையை எழுதுவதுதான் என் பிழைப்பு. எதைப் பார்த்தாலும் அதில் கழிக்க வேண்டியது எது என்றுதான் என் கண் முதலில் தேடும்.

இன்று பல் துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியாக அறுத்தேன். சௌந்தரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்துரப் போறீங்க. பிரஷ் எதுக்குங்க?"

மனைவிமார்களுக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஆர்வம் இருப்பதில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

புதுப் பையில் வேண்டாத வார்கள், கொக்கிகள், கம்பெனிப் பெயர் தைத்த பட்டை எல்லாவற்றையும் பிளேடால் அறுத்தெடுத்தேன். தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு கனத்த செயின் அளவுக்குக் குறைந்திருக்கிறது. பசியே இல்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனாலும் ஆறு இட்லி சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அறுத்த இடமெல்லாம் நூல் பிரிந்து தொங்குமோ என்று நேற்று ஒரு கவலை இருந்தது. இன்று பேங்கிலிருந்து வந்து பார்த்தால் விளிம்புகள் எல்லாம் மடிந்து, இரட்டைத் தையல் போட்டதுபோலக் கச்சிதமாக இருக்கின்றன. நல்ல கம்பெனித் துணி இப்படித் தன்னைத் தானே மடித்துக்கொள்ளும் போலிருக்கிறது. இளங்கோவனிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குழுவோடு முதல் மலை. முந்தின நாளே சைக்கிளில் இருந்து கேரியர், மட்கார்டு, பெல் மூன்றையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். பூட்டு விஷயத்தில்தான் கொஞ்சம் யோசனை. வீட்டில் இருப்பது எல்லாம் நம் ஊர்ப் பூட்டு, ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் கனம். கடைசியில் ஒரு மெல்லிய கம்பிக் கயிற்றுப் பூட்டு வாங்கிக் கட்டினேன். அடிவாரத்து டீக்கடைக்காரர் சன்னாசி அதைத் தொட்டுப் பார்த்து, "திண்டுக்கல்லுக்காரரு நூலைக் கட்டிட்டுப் போறீங்களே" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

என் பையைப் பார்த்து எல்லோருக்கும் பொறாமை. உள்ளே ஒரு துண்டு, ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், அரைப் பிரஷ், அவ்வளவுதான். ஏறும்போது யாருக்கும் நான் சளைக்கவில்லை. பாதி மலையில் என் தண்ணீர் தீர்ந்தபோது இளங்கோவன் தன்னுடையதைக் கொடுத்தார். அவர் மூன்று லிட்டர் சுமந்து வந்திருந்தார், பாவம். மதியம் ஒருவர் புளியோதரை, இன்னொருவர் தயிர்சாதம், வேறொருவர் வாழைப்பழம். காலில் முள் குத்தியபோது ஒருவர் மருந்துப் பெட்டியே வைத்திருந்தார். இலேசான பையோடு போவது உண்மையிலேயே சாத்தியம் என்பது இன்று நிரூபணமாகிவிட்டது.

ஆகஸ்ட் 28, வியாழன்

போனில் ஒரு டென்ட் பார்த்தேன். ஒரு கிலோகூட இல்லை. சுருட்டினால் கைக்குள் அடங்கிவிடும். விலைதான் கையைக் கடிக்கிறது.

வீட்டில் சும்மா கிடக்கிற பொருள் எவ்வளவோ இருக்கிறது. சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூலையில் சௌந்தரத்தின் தையல் மிஷின். தலை, மேல்பலகை, டிராயர், வார்ப்பிரும்புக் கால், மிதி, சக்கரம் என்று அரைச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மகள் சுபத்ரா கைக்குழந்தையாக இருந்தபோது சௌந்தரம் சீட்டுப் பிடித்து வாங்கியது. ஒரு காலத்தில் இந்தத் தெருவுக்கே ஜாக்கெட் தைத்தாள். இப்போது சுபத்ரா கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். மிஷின் ஓடுகிற சத்தத்தை நான் கேட்டு மூன்று வருஷம் இருக்கும்.

ஆகஸ்ட் 30, சனி

சௌந்தரம் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் பழைய சாமான் கடை மீரான் பாய் தட்டுவண்டியோடு வந்து மிஷினை எடுத்துப் போனார். இரண்டு பேர் மூச்சு முட்டத் தூக்கினார்கள். ஒரு வீட்டில் இவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை வருஷம் இருந்தோம் என்று ஆச்சரியமாக இருந்தது. டென்டுக்குப் பணம் கட்டியாயிற்று. ஹாலில் காற்று நன்றாக வருகிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சௌந்தரம் மூலையைப் பார்த்தாள். பிறகு அரிசி களையப் போய்விட்டாள். நான் பயந்த அளவுக்கு இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

சௌந்தரம் சிறுமலைக்குத் தன் தம்பி தண்டபாணி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவன் அங்கே எலுமிச்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். பறிப்புக்கு ஆள் பற்றாக்குறையாம். எத்தனை நாள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

ஒன்றைக் குறித்து வைக்க வேண்டும். அவள் கொண்டுபோனது ஒரே ஒரு மஞ்சள் பை. அதில் இரண்டு சேலை, அளவெடுக்கும் நாடா, கத்தரிக்கோல். பஸ் ஏற்றிவிடும்போது வாங்கிப் பார்த்தேன், இரண்டு கிலோ தாண்டாது. எலுமிச்சை பறிக்கப் போகிறவளுக்குத் துணி வெட்டுகிற கத்தரி எதற்கு என்று தெரியவில்லை. அதை விட்டிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். ஆனாலும் என் பழக்கம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டதில் எனக்குப் பெருமைதான்.

செப்டம்பர் 6, சனி

டென்ட் வந்துவிட்டது. மிஷின் இருந்த இடத்தில் விரித்து நிறுத்தினேன். அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. இளங்கோவனுக்குப் படம் அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டு, "அருமையா இருக்கு சார். ஆனா போன அன்னைக்கே திரும்பி வர்றதுக்கு டென்ட் எதுக்கு?" என்றார். இவரும் சௌந்தரத்தைப் போலவே பேசுகிறார். டென்டுக்குள் உட்கார்ந்து பார்சல் பரோட்டா சாப்பிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சட்டையில் இரண்டாவது பட்டன் போய்விட்டது. ஊசிப் பின் குத்திக்கொண்டேன். பட்டனைவிட எடை குறைவு.

செப்டம்பர் 10, புதன்

பையில் மேலும் இரண்டு வார்களை அறுத்தேன். தோள்வார் சேரும் இடத்திலும் கொஞ்சம் துணி அனாவசியமாக இருந்தது, அதையும் எடுத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இந்தத் தடவை துணி தன்னைத் தானே மடித்துக்கொள்ளவில்லை. நூல் நூலாகத் தொங்குகிறது. ஈரப்பதம் காரணமாக இருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தனியாகவே போனேன். குழு இன்று வேறு பக்கம் போகிறது. நான் சிறுமலையைத் தேர்ந்தெடுத்தது ஏறுவதற்கு அந்தப் பாதை பழகிவிட்டது என்பதால்தான். பாதை மேலே போய் முடிகிற இடம் தண்டபாணியின் தோட்டத்துக்குப் பக்கம் என்பது நானாகச் செய்ததில்லை.

பலா மரத்தின் பின்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது வீட்டு வாசல் தெரிந்தது. சௌந்தரம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நாலைந்து பெண்கள். ஒருத்தியின் தோளில் நாடாவை வைத்து அளந்துகொண்டே ஏதோ சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். எலுமிச்சையை யாரும் பறித்ததாகத் தெரியவில்லை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கொஞ்ச நாள் ஆகிறது. போய்ப் பேசியிருப்பேன், ஆனால் இருட்டுவதற்குள் இறங்க வேண்டுமே. அப்போது மணி பதினொன்று.

செப்டம்பர் 18, வியாழன்

சுபத்ரா போன் செய்தாள். சாப்பாடு, சர்க்கரை எல்லாம் விசாரித்தாள். அம்மா எலுமிச்சை பறிக்கப் போயிருக்கிறாள் என்று சொன்னேன்.

"அப்பா, அம்மா எதுக்குப் போனாங்கன்னு உங்களுக்கு நெசமாவே தெரியலையா?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாதி மலையில் பையின் தோள்வார் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. மிச்ச தூரம் பையைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். அந்தக் கோலத்தில் பலா மரத்தின் பின்னால் நிற்க முடியவில்லை. நேராக வாசலுக்கே போனேன். தண்டபாணி "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நழுவிவிட்டான். சௌந்தரம் மோர் கொண்டுவந்து வைத்தாள். என் சட்டையில் இருந்த ஊசிப் பின்னைப் பார்த்தாள். பிறகு கேட்காமலே பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நான் மடிச்சு அடிச்சது" என்று பழைய விளிம்பைக் காட்டினாள். விரலை நகர்த்திப் பிய்ந்த இடத்தில் வைத்தாள். "இது நான் இல்லாதப்ப நீங்க வெட்டுனது."

கம்பெனித் துணியைப் பற்றி நான் இளங்கோவனிடம் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை இனிமேல் திருத்திக்கொள்ளவும் முடியாது. மூன்று வருஷமாக ஓடாத மிஷினில் எப்படித் தைத்தாய் என்று கேட்டேன்.

"ஓடலைன்னு யாரு சொன்னா? ஞாயித்துக்கிழமை பகல் தூக்கம் கெடுதுன்னு ஒருக்கா கத்துனீங்க. அன்னையிலருந்து நீங்க பேங்குக்குப் போனப்பறம்தான் ஒக்காருவேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி துணியெல்லாம் எடுத்து வச்சிருவேன்."

ஊசியில் நூல் கோத்து, பிய்ந்த வாரைக் கையால் தைக்க ஆரம்பித்தாள். கோபமாக இருந்த மாதிரியும் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"கல்லு வச்ச அட்டிகை வந்தா கல்லைக் கழிச்சுத்தானே எடை எழுதுவீங்க? கழிச்ச கல்லையெல்லாம் பேத்துக் குப்பையிலயா போடுவீங்க?"

அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நகையிலிருந்து ஒரு பொட்டுக் கல்லை நான் பெயர்த்ததில்லை. கழிப்பதெல்லாம் காகிதத்தில்தான். நகை வந்தபடியே பெட்டகத்துக்குள் போகும், வந்தபடியே ஆளிடம் திரும்பும்.

கிளம்பும்போது எப்போது வருகிறாய் என்று கேட்டேன். "எதுக்கு?" என்றாள். சாப்பாட்டுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. நல்லவேளை சொல்லவில்லை. இறங்கும்போது பை ஒழுங்காக முதுகில் உட்கார்ந்திருந்தது.

செப்டம்பர் 27, சனி

பிரஷ் காம்பு சின்னதாக இருப்பதால் கடைவாய்ப் பல் எட்டுவதில்லை. இந்த வாரம் சைக்கிளைத் தொடவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பேங்க் விடுமுறை. தராசு, உரைகல், சைக்கிள் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். வருஷா வருஷம் இதைச் செய்வது சௌந்தரம்தான். முதல் பொட்டு மிஷினுக்கு வைப்பாள். அப்புறம்தான் என் தராசு. இதை நான் இத்தனை நாள் கவனித்ததாகவே நினைவில்லை, ஆனால் கை தானாக மூலைப் பக்கம் போயிற்று.

டென்டை மடித்து எடுத்தேன். அடியில் தரையில் மிஷின் கால் நின்ற நான்கு இடங்களிலும் துருத் தடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நான்கிலும் சந்தனம் வைத்தேன். பொரிகடலையைத் தட்டில் வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தபோது அழுகை வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது. நடந்தது நடந்ததுதான், எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

மீரான் பாய் கடை. நல்ல காலம், மிஷின் விற்கவில்லை. இரண்டு கட்டில்களுக்கு நடுவே நின்றது, தலையில் யாரோ ஒரு பழைய ஃபேனைத் தூக்கி வைத்திருந்தார்கள். பணமாகக் கொடுக்க என்னிடம் இல்லை, டென்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பாய் அதைக் கையில் வாங்கி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்.

"இதுல என்னாங்க இருக்கு? ஒண்ணுமே இல்லையே."

அதுதான் அதன் சிறப்பு என்று விளக்கினேன். அரைமணி நேரம் பேசினேன். கடைசியில் அவர் என் மேல் இரக்கப்பட்டு ஒப்புக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலம் தட்டுவண்டியில் மிஷின் வீடு வந்து சேர்ந்தது. நான்கு காலும் துருத் தடத்தின் மேலேயே அச்சாக உட்கார்ந்தன.

அக்டோபர் 4, சனி

சௌந்தரத்துக்குப் போன் செய்து மிஷின் வந்துவிட்டது என்று சொன்னேன். பஸ் நேரங்களையும் விசாரித்து எழுதி வைத்திருந்தேன், ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"நல்லதுங்க. ஆனா இங்க நெறையப் பேரு தீபாவளிக்குத் துணி குடுத்துருக்காங்க. மலையில தையக்காரங்க யாரும் இல்ல, ஒரு ஜாக்கெட்டுக்கு பஸ் ஏறி எறங்கணும். மிஷினை இங்கிட்டு அனுப்பி வச்சிருங்க."

அனுப்புகிறேன் என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்னும் அனுப்பவில்லை. மிஷின் இங்கே இருந்தால் அவள் என்றைக்காவது வந்தாக வேண்டும். மிஷின் போய்விட்டால் அவளுக்கு இங்கே என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன். நான் ஒரு காரணமாக ஆவேனா என்று நாலு நாளாக யோசிக்கிறேன். நானே எடை போட்டுக்கொண்டால் கழிவு நிறையப் போகிறது.

எனக்கு அவள் வீட்டில் இருக்க வேண்டும். இதை எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மிஷினில் தைப்பது தலைதான். கால், மிதி, சக்கரம் எல்லாம் அதைத் தாங்குவதற்கு. நிகரமாகப் பார்த்தால் தலை மட்டும் போதும். தலையை நானே கொண்டுபோகிறேன். கால் வீட்டிலேயே இருக்கட்டும். இதில் வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை.

சைக்கிளில் கேரியர் இல்லாதது இப்போதுதான் உறைத்தது. பழைய இரும்புக் கடையில் போய்க் கேட்டேன். என்னுடையது அப்போதே உடைந்துபோனதாம். வேறொன்று மாட்டியிருக்கிறது, முன்னதைவிட கனம். போகிற போக்கில் பெல்லும் ஒன்று வாங்கினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தலையின் எடை பதினொரு கிலோவுக்குச் சற்று மேல். தராசு தாங்கவில்லை, மளிகைக் கடையில் நிறுத்தேன். சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டி மிதித்தபோது, மேடு வந்தால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. சன்னாசி கடைக்கு வருவதற்குள் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. மேலே பஸ் போகிறதே, டிக்கெட் போட்டால் மடியில் வைத்துக்கொண்டு போகலாமே என்றார். தெரியும் என்றேன். அவர் சைக்கிளை வாங்கி வைத்துவிட்டு, தன் கடைப் பூட்டையே எடுத்து அதில் மாட்டினார்.

பையின் எல்லா வார்களும் இருந்திருந்தால் இன்று உதவியிருக்கும். இடுப்பில் கட்டுகிற வார், நெஞ்சில் கட்டுகிற வார், இரண்டையும் அறுத்தது நானேதான். சாக்குக் கயிற்றால் பையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மழை வேறு தூறியது. எதிரே எலுமிச்சை மூட்டையோடு ஒரு குதிரை இறங்கி வந்தது. குதிரைக்காரர் என்னையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்து, திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் ஏன் வேண்டாம் என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் திரும்பிக் கூப்பிடவும் இல்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். எல்லாம் நானே குடித்தேன்.

வீட்டு வாசலில் தலையை இறக்கி வைத்தபோது முதுகை நிமிர்த்த முடியவில்லை. சௌந்தரம் சாக்கைப் பிரித்தாள். தன் முந்தானையாலேயே துடைத்தாள். கைச்சக்கரத்தைச் சுற்றி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள். பிறகு எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள்.

"காலு?"

தைப்பது தலைதானே என்றேன். கேரியர் தாங்காது என்றேன். பாதை வழுக்கல் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"காலை அங்கிட்டுப் பிடிச்சு வச்சுக்கிட்டு, தலையை மட்டும் கொண்டாந்துருக்கீங்க."

அதற்கு மேல் என்னால் சுற்றி வளைக்க முடியவில்லை. "காலு அங்க இருந்தா நீ வருவேன்னு நெனச்சேன்" என்றேன். அவள் எண்ணெய்ப் புட்டியைத் தேடுகிற மாதிரி உள்ளே போனாள். வருவதற்குக் கொஞ்ச நேரமாயிற்று. புட்டி ஜன்னலிலேயே இருந்தது.

தண்டபாணிக்கு என் முதுகைப் பார்த்துப் பொறுக்கவில்லை. தன் ஜீப் தினமும் எலுமிச்சை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மண்டிக்குப் போகிறது, திரும்பி வரும்போது காலியாகத்தான் வருகிறது, நாளைக்கே மிஷின் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் மாமா என்றான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஜீப்புக்கு டயர் பார்க்கப் போய்விட்டான்.

"ஜீப்புல வேணாம்" என்றாள் சௌந்தரம். "நீங்களே கொண்டாங்க. ஒரேயடியாத் தூக்காதீங்க, முதுகு போயிரும். கழட்டி, ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணாக் கொண்டாந்தாப் போதும். தீபாவளித் துணிக்குச் சக்கரத்துல கைப்பிடி மாட்டிக் கையால சுத்தியே ஓட்டிக்கிறேன்."

ஜீப்பில் ஒரே நாளில் முடிகிற வேலையை இப்படி வாரக்கணக்கில் இழுப்பது எந்த விதத்தில் சரி என்று எடுத்துச் சொன்னேன். தெரியும் என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன். சட்டையைக் கழற்றச் சொல்லி, மடியில் போட்டு, பட்டன் தைத்துக் கொடுத்தாள். ஊசிப் பின்னை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் தன் வளையலில் மாட்டிக்கொண்டாள்.

இறங்கும்போது பையில் எலுமிச்சையும் மலை வாழைப்பழமும் திணித்துவிட்டாள். எவ்வளவு இருக்கும் என்று தெரியாது.

அக்டோபர் 14, செவ்வாய்

பேங்கிலிருந்து வந்ததும் மிஷின் காலைக் கழற்ற உட்கார்ந்தேன். மீரான் பாய் ஸ்பேனர் கொடுத்து உதவினார். இடது கால், வலது கால், நடுவில் சேர்க்கும் சட்டம், மிதி, பெரிய சக்கரம், மேல்பலகை, டிராயர், பெல்ட். தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டேன். சட்டத்தையும் மிதியையும் சேர்த்துக் கொண்டுபோகலாம், எடை ஒன்றும் பிரமாதமில்லை என்றார் பாய். தனித்தனியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

இளங்கோவன் போன் செய்தார். வருகிற ஞாயிறு சிறுமலைக்கு எவ்வளவு சுமை என்று கேட்டார். பெல்ட் மட்டும் என்றேன். குழுவில் இதுவரை யாரும் இவ்வளவு இலேசாக ஏறியதில்லை என்று பாராட்டினார்.

நட்டும் போல்ட்டும் பதினாறு ஜோடி தேறுகிறது. மீரான் பாய் அவற்றை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே பொட்டலமாகக் கொண்டுபோகத்தான் வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.